தொப்பையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு டீச்சரின் பதில்



பொங்கல் படத்தைப் போட்டதிலிருந்து ஒரே விசாரிப்பு. பாதிப் பேர் "டீச்சர், உடம்புக்கு என்ன? சுகர் வந்திடுச்சா?" என்று பதறுகிறீர்கள். மீதிப் பேர் "என்ன பவுடர் குடிக்கிறீங்க டீச்சர், சொன்னா நாங்களும் வாங்கிக்கறோம்" என்கிறீர்கள். என் நாத்தனார் போன் போட்டு, "அண்ணி, மறைக்காம சொல்லுங்க, ஆஸ்பத்திரியில இருந்தீங்களா?" என்றே கேட்டுவிட்டார். நம் ஊரில் ஒரு பொம்பளை இளைத்தால் ஒன்று நோய், இல்லையென்றால் பிள்ளைகளால் கவலை. வேறு காரணம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். நீளமாக இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழகியதுதான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 61 வயது. உயரம் 152 செ.மீ. பதினான்கு மாதங்களுக்கு முன் எடை 71 கிலோ, இடுப்புச் சுற்றளவு 97 செ.மீ. இன்று எடை 64, இடுப்பு 87. பவுடர் இல்லை, மாத்திரை இல்லை, பெல்ட் இல்லை, ஜிம் இல்லை. ஆரம்பாக்கத்தில் ஜிம் இருந்தாலும் இந்த வயதில் புடவையோடு போய் நிற்க எனக்குக் கூச்சம். எல்லாம் வீட்டிலும் வீட்டு வாசலிலும் நடந்ததுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தொப்பை முழுசாகப் போய்விடவில்லை. புடவையை இழுத்துச் செருகி நின்றதால் படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதை ஏன் ஆரம்பித்தேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக்கொடுத்த அக்கா. பள்ளி ஆண்டு விழாவுக்கு அவள் சுட்ட முறுக்கைத் தின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அக்கா ஒல்லி. கை கால் எல்லாம் குச்சி. எடை எப்போதும் ஐம்பது, ஐம்பத்திரண்டு கிலோதான். வயிறு மட்டும் ஒரு சின்னப் பானை மாதிரி முன்னால் இருக்கும். "மூணு பிள்ளை பெத்த வயிறு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். 48 வயதில் காலில் ஒரு சிப்பி கீறிய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. சோதித்துப் பார்த்தால் சர்க்கரை நானூறுக்கு மேல். எத்தனை வருடமாக இருந்ததோ தெரியாது. பிறகு இரண்டு விரல் போயிற்று. பிறகு சிறுநீரகம். கடைசி மூன்று வருடம் வாரத்துக்கு மூன்று நாள், விடிவதற்கு முன்னால் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறி சென்னைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு இருட்டிய பிறகு திரும்புவாள். சனிக்கிழமைகளில் நான் கூடப் போவேன். ரயிலில் உட்கார்ந்துகொண்டு அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள்: "நான்தான் குண்டே இல்லியேடி, எனக்கு ஏன்டி வந்துச்சு?"

31 வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். அந்தக் கேள்விக்கு அவளிடம் சொல்ல ஒரு முழுப் பதிலும் அன்று என்னிடம் இல்லை. அக்கா போய் நாலு வருடம் ஆகிறது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். வந்தவள் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். "டீச்சர், கையை நீட்டுங்க" என்றாள். நகம் வெட்டியிருக்கிறாளா என்று பார்க்க நான் அவளிடம் தினமும் சொன்ன அதே வார்த்தை. விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூட இருக்கு டீச்சர், டாக்டரைப் பாத்துடுங்க" என்றாள். மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை எடுத்தோம். 6.2 வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது. 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். டாக்டர், "இன்னும் வீட்டுக்குள்ள வரலை, வாசப்படியில நிக்குது" என்றார். அம்மாவுக்கு இருந்தது, அக்காவுக்கு இருந்தது, இப்போது என் வாசலுக்கு வந்திருக்கிறது. அவர் கேட்ட அடுத்த கேள்வி எடையைப் பற்றி இல்லை. "இடுப்புச் சுற்றளவு எவ்வளவு இருக்கும்மா?" என்று கேட்டார்.

அங்கிருந்துதான் நான் படிக்க ஆரம்பித்தேன். அக்கா கேட்ட கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருந்தது.

வயிற்றுக் கொழுப்பு இரண்டு வகை. தோலுக்குக் கீழே இருப்பது ஒன்று, விரலால் கிள்ளினால் பிடிபடுவது. இன்னொன்று உள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றி இருப்பது. கிள்ளினால் பிடிபடாது. ஆபத்தானது அதுதான். அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்பதில்லை. சர்க்கரை ஏறுகிறது, பிரஷரும் கூடவே ஏறுகிறது.

நம் இந்திய உடம்புக்கு இதில் ஒரு தனிக்குணம் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் என்று இரண்டு பேர். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பி.எம்.ஐ. ஒரே அளவைக் காட்டியது, உள்ளே இருந்த கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல். நாம் பார்வைக்கு ஒல்லியாக இருந்துகொண்டே உள்ளுக்குள் கொழுப்பைச் சுமக்கிறவர்கள். அதனால்தான் தெற்காசியர்களுக்கு இடுப்பளவு வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அக்காவை எத்தனையோ முறை தராசில் நிற்க வைத்திருக்கிறார்கள். அவள் இடுப்பை யாரும் அளக்கவில்லை.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் முதல் முறையாக வீடு வீடாக இடுப்பை அளந்தார்கள். நாட்டில் பெண்களில் 40 சதவீதம் பேர் அந்த 80 செ.மீ.-ஐத் தாண்டியிருந்தார்கள். ஆண்களில் வரம்பைத் தாண்டியவர்கள் 12 சதவீதம். வீட்டில் எல்லாருக்கும் ஆக்கிப் போட்டு, கடைசியில் சட்டியில் மிஞ்சியதை வீணாக்கக்கூடாதே என்று சாப்பிடும் பெண்களுக்குத்தான் இது அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் மாறுவதால் தொடையிலும் இடுப்பின் பின்பக்கமும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் வந்து சேர்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டிய என் மாணவிகள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஊரும் மாறிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஆரம்பாக்கம் வரை நடந்தே வருவார்கள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வாயில் கூடையைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கோல் ஊன்றி, துடுப்பு போட்டு, வலை இழுத்த ஆண்களின் வயிறு பலகை மாதிரி இருக்கும். இன்று படகில் மோட்டார், கூடைக்கு ஷேர் ஆட்டோ. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பையன்கள் ஷிப்ட் முடிந்து நடு ராத்திரியில் பரோட்டா சாப்பிடுகிறார்கள். உழைப்பு குறைந்ததை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கூடையைச் சுமந்த கழுத்து வலி என் அம்மாவுக்குச் சாகும்வரை இருந்தது. ரேஷன் அரிசியையும் குறை சொல்ல மாட்டேன். அந்த அரிசி வருவதற்கு முன்னால் பள்ளிக்குப் பட்டினியாக வந்த பிள்ளைகளை நான் பார்த்தவள். நான் சொல்வது ஒன்றுதான்: உழைப்பு பாதியாகிவிட்டது, தட்டில் விழும் சோறு மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "வயிறு மட்டும் குறைய என்ன பயிற்சி டீச்சர்?"

அப்படி ஒரு பயிற்சி இல்லை. நம் பழவேற்காடு ஏரியில் ஒரு குடம் தண்ணீர் மொண்டால் மொண்ட இடத்தில் பள்ளமா விழுகிறது? ஏரி முழுதும் ஒரு மயிரிழை இறங்கும். உடம்பும் அப்படித்தான். 1971-இல் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் சோதித்தார்கள். வருடக்கணக்கில் ஒரே கையால் மட்டையைப் பிடித்து ஆடியவர்கள். ஆடிய கையில் தசை பெருத்திருந்தது, ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு இரண்டு கையிலும் ஒரே மாதிரி. 1984-இல் இன்னொரு ஆய்வு. 27 நாளில் 5,004 முறை படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி செய்ய வைத்தார்கள். வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் குறையவில்லை. ஆகவே படுத்து எழுந்து முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அதிலும் பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வயிற்றுத் தசை நடுவில் விலகி நிற்கும். அது கொழுப்பு இல்லை. அவர்கள் இந்தப் பயிற்சியைச் செய்தால் இன்னும் கெடலாம். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

சரி, குறையும் கொழுப்பு எங்கே போகிறது? வகுப்பில் கேட்டால் "வேர்வையா போகுது டீச்சர்" என்பீர்கள். இல்லை. மூச்சாகப் போகிறது. கொழுப்பு என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். உடம்பு அதை எரித்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் கிடைக்கும். எட்டாம் வகுப்பில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் காட்டினேனே, அதே பாடம். 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. அதற்காக வேக வேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிட முடியாது, தலைதான் சுற்றும். உடம்பு எரிக்க வேண்டும், அப்போதுதான் கார்பன் வரும். வயிற்றில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வேர்ப்பதால் தண்ணீர் மட்டும் போகும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். பெல்ட் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பப் போகிறவர்கள் அந்தப் பணத்துக்கு நல்ல ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்குங்கள்.

இனி என் வீட்டுத் தட்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் உணவு வழிகாட்டி வெளியிட்டன. ஒரு நாள் சக்தியில் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அது. நம் தட்டில் முக்கால்வாசி சோறுதான். புரதப் பவுடர் வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. பவுடர் கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.

நான் சோற்றை விடவில்லை. சோற்றை விடச் சொன்னால் நான் என்ன, நம் ஊரில் யாருமே ஒரு வாரம் தாங்க மாட்டோம். அளவை மாற்றினேன், வரிசையை மாற்றினேன். மதியம் முதலில் பொரியலோ கூட்டோ கீரையோ ஒரு கிண்ணம். அடுத்தது மீன். அதற்குப் பிறகுதான் சோறு, காபி டம்ளரில் அளந்து ஒரு டம்ளர், தலை தட்டி. வயிறு முக்கால் நிறைந்த பிறகு சோறு வருவதால் கை தானாக நிற்கிறது. நம் ஊரில் மடவையும் கிழங்கானும் நண்டும் வாசலுக்கே வருகின்றன. புரதத்துக்கு வேறு எங்கே போக வேண்டும்? குழம்பு வைக்கிறேன், வறுவல் ஞாயிறு மட்டும். கருவாடு உப்பு, பிரஷர் உள்ளவர்கள் ஊறுகாயைத் தொடுகிற மாதிரி தொடலாம். காலையில் ஐந்து இட்லி இரண்டாயிற்று. கூட ஒரு முட்டை, சாம்பார் நிறைய. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். ராத்திரி ஏழரைக்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். அதற்கு மேல் அடுப்படி விளக்கு எரியாது.

கேழ்வரகுக் கூழ் குடித்தால் இளைக்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டிருந்தான். கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் உண்டு, நல்லதுதான். ஆனால் அதுவும் மாவுச்சத்தே. சோற்றுக்குப் பதிலாகக் குடித்தால் சரி. சோற்றையும் தின்றுவிட்டு அதையும் குடித்தால் தொப்பைக்குக் கூடுதல் தீனி.

டீக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன், 40 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு மாதத்தில் சர்க்கரை இல்லாத டீ நாக்குக்குப் பழகிவிட்டது. இப்போது கல்யாண வீட்டில் கொடுக்கும் டீ எனக்குப் பாயசம் மாதிரி இருக்கிறது.

ஆண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. கொழுப்பில் 9, மாவுச்சத்தில் 4. கூடவே சாப்பிடும் வறுவல் வேறு கணக்கு. கரைக்கு வந்ததும் அலுப்புக்காகக் குடிக்கிறோம் என்பீர்கள். அந்த அலுப்பு கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. டீச்சர் அதட்டுகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அடுத்தது உடற்பயிற்சி. அரை மணி நடந்தால் செலவாவது ஏறக்குறைய ஒரு வடையில் இருக்கும் சக்தி. அதனால் நடை மட்டும் போதும், சாப்பாடு பழையபடி இருக்கட்டும் என்றால் நடக்காது. எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டுதான். இறங்கியதை ஏறாமல் பிடித்துக்கொள்வதும், சர்க்கரையை அடக்குவதும், தசையைக் காப்பதும் உடற்பயிற்சி. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். எங்கள் வயதில் தசை போனால் கீழே விழுந்து எலும்பு முறியும்.

வாரத்துக்கு 150 நிமிடம் நடை, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. நான் காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன். புடவை, கேன்வாஸ் ஷூ. முதல் வாரம் "எங்க டீச்சர் இவ்ளோ காலையில?" என்று தெருவே கேட்டது. இரண்டாவது வாரம் இரண்டு பேர் கூட வந்தார்கள், இப்போது ஏழு பேர் நடக்கிறோம். மழைக்காலத்தில் திண்ணையிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. மதியமும் ராத்திரியும் சாப்பிட்டதும் பத்து நிமிடம் வாசலில் நடப்பேன். சாப்பிட்ட உடனே ஏறும் சர்க்கரையைத் தொடைத் தசை இழுத்துக்கொள்ளும்.

வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம், வீட்டுக்குள்:

1. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பத்து முறை, மூன்று தடவை. முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

2. சுவரில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து தள்ளுவது, பத்து முறை, இரண்டு தடவை.

3. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பதினைந்து முறை.

4. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்குவது, பத்து முறை, இரண்டு தடவை.

5. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது, பத்து முறை.

இவ்வளவுதான். மூச்சைப் பிடிக்காதீர்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறீர்கள்.

முதல் இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும். சந்தோஷமாக இருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். பிறகு வாரத்துக்குக் கால் கிலோ, மிஞ்சினால் அரை கிலோ. எனக்கு ஐந்தாவது மாதம் டேப் நின்றுவிட்டது. 91 செ.மீ. ஏழு வாரம் அதே 91. தட்டு அதே, நடை அதே, டேப் மட்டும் அசையவில்லை. உடம்பு இளைத்தால் அதற்குத் தேவையான சக்தியும் குறைகிறது, அதனால் இறக்கம் நின்றுபோகும். எங்கள் வீட்டுக்காரர் கூட, "போதும், இந்த வயசுக்கு மேல எதுக்கு" என்றார்.

அந்த ஏழு வாரமும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது சென்னையில் நடந்த ஓர் ஆய்வுதான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்தது. முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. என்னைப் போல வாசற்படியில் நின்ற 531 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பகுதியினருக்குத் தினமும் அரை மணி நடை, அரிசி, எண்ணெய், சர்க்கரையைக் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது, இவற்றை விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருப்பது. மூன்று வருடத்தில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இரண்டாவது பிரிவில் 39 சதவீதம். இதில் நான் இரண்டு முறை படித்த வரி எது தெரியுமா? இந்த இரண்டாவது பிரிவினருக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை குறையாமலேயே நோய் தள்ளிப்போயிருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். டேப் அசையாத வாரங்களிலும் உள்ளே வேலை நடக்கிறது. தசை சர்க்கரையை இழுக்கிறது, கல்லீரல் இலேசாகிறது. வெளியே தெரியும் தொப்பை கடைசியாக இறங்கும், சிலருக்கு முழுசாக இறங்காமலும் போகும். அழகுக்காகத் தொடங்கியவர்கள் அங்கே மனம் உடைந்து விட்டுவிடுவார்கள். காலுக்காகவும் கண்ணுக்காகவும் சிறுநீரகத்துக்காகவும் தொடங்கியவர்கள் விட மாட்டார்கள். எட்டாவது வாரம் நடையைப் பத்து நிமிடம் கூட்டினேன். மெதுவாக மறுபடி இறங்கியது. போன மாதப் பரிசோதனையில் 6.2 என்பது 5.8 ஆகியிருக்கிறது. இன்னும் வாசற்படியை விட்டு முழுசாக இறங்கவில்லை. ஆனால் திரும்பி நடக்கத் தொடங்கியிருக்கிறது.

சில எச்சரிக்கைகள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைச் சட்டென்று குறைக்காதீர்கள், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதைத் தொடவே வேண்டாம். வயிறு சில வாரங்களிலேயே வேகமாகப் பெருத்தாலோ, கை கால் இளைத்து வயிறு மட்டும் வீங்கினாலோ அது தொப்பையாக இருக்காது. நீர் கோத்திருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். டீச்சர் பதிவு போட்டால் வீட்டுப்பாடம் இல்லாமலா?

வலை பின்னும் நூல் எல்லார் வீட்டிலும் இருக்கும். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டிக்கொள்ளுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல் அந்தப் பாதி நூலைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் இடைவெளி எத்தனை விரல் என்று குறித்து வையுங்கள். என் நூலுக்கு இன்னும் 11 செ.மீ. இடைவெளி இருக்கிறது. நீங்கள் மட்டும் அளந்தால் போதாது. வீட்டில் "ஒல்லியாத்தானே இருக்கா" என்று நாம் கவனிக்காமல் விட்ட அம்மா, அக்கா, அண்ணி யாராவது இருப்பார்கள். அவர்களுக்கும் அளந்து பாருங்கள். நூல் எட்டவில்லை என்றால் இந்த வாரமே அவர்களை அழைத்துப் போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வரும் அந்தப் பெண்ணிடமே கையை நீட்டினாலும் சரி.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மறுபடி அளப்போம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்,
ஆரம்பாக்கம்.